ஆஸ்பத்திரி வாசலில் ஏழு டீ

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன். 3 வாரமாக மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் நான், இரவில் தம்பி. எனக்கு வயது 44. போன வருடம் ரத்தச் சர்க்கரைக்கான ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 (சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை) வந்ததிலிருந்து தினமும் தெப்பக்குளத்தை 3 சுற்று நடப்பேன், சாப்பாட்டிலும் ஒழுங்காக இருந்தேன். இப்போது காலை 6 மணிக்கு வெறும் வயிற்றோடு ஓடி வருகிறேன். டாக்டர் ரவுண்ட்ஸ் முடியும்வரை டீதான், 11 மணிக்கு பஜ்ஜி. எண்ணிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 7 டீ. இத்தனை நாள் பட்ட பாடு வீணா?

பதில்: வீணில்லை. ஆனால் பழைய ஒழுங்கை அப்படியே வார்டுக்குள் கொண்டுவரப் பார்க்காதீர்கள். அது நடக்காது, நடக்கவில்லையே என்ற எரிச்சலில் இன்னொரு பஜ்ஜிதான் உள்ளே போகும்.

பஜ்ஜி மேல் எனக்குக் கோபமில்லை. காலையில் சாப்பிடாமல் வந்ததற்கான வட்டியை 11 மணிக்குக் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். கவலையில் இருக்கும்போது கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும். கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், நாக்கு இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேடும். தூக்கமும் குறைந்தால் பசி இன்னும் ஏறும். இதை மனக்கட்டுப்பாடு இல்லாத குறை என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

நான் முதலில் கைவைப்பது டீயில். கிளாஸுக்கு 2 ஸ்பூன் சீனி என்றால் சுமார் 10 கிராம். 7 டீக்கு 70 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை விடச் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை, இந்த நேரத்தில் அதைச் சொல்வதும் நியாயமில்லை. கேனில் வரும் டீயில் சீனி முன்பே கலந்திருக்கும். வாசலில் இறங்கி, மாஸ்டரிடம் 'சீனி இல்லாம ஒண்ணு' என்று கேட்டு வாங்குங்கள். 3 டீ போதும். கடைசி டீ மாலை 4 மணிக்கு. அதற்குப் பிறகு குடித்தால் இரவுத் தூக்கத்தில் கைவைக்கும்.

அடுத்து, காலைச் சாப்பாடு. வீட்டில் முடியாவிட்டால் ஆஸ்பத்திரி எதிரிலேயே 3 இட்லி, சாம்பார், 2 அவித்த முட்டை. முட்டை ஆகாதென்றால் முந்தின நாள் அவித்த சுண்டல் ஒரு கிண்ணம். வயிறு நிரம்பிய பிறகு வார்டுக்குள் போங்கள். பையில் வறுத்த வேர்க்கடலையும் 2 கொய்யாக்காயும் இருக்கட்டும். மதியம் பார்சல் சாப்பாடு என்றால் சோற்றில் பாதி, கூட்டு பொரியல் முழுவதும். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் பிஸ்கட்டையெல்லாம் தம்பி கையில் கொடுத்தனுப்பிவிடுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தால் அதைச் சாப்பிடப்போவது அம்மா அல்ல.

நடையைப் பொறுத்தவரை நல்ல செய்தி உண்டு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்பதுதான் பொதுவான அளவு. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டது. ஆகவே துண்டு துண்டாக நடந்தாலும் கணக்குதான். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடங்கள். அப்போது தசை ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். 'அம்மாவுக்கு எப்படி இருக்கு?' என்று தினமும் எத்தனை போன் வருகிறது? அத்தனையையும் காரிடாரில் நடந்துகொண்டே பேசுங்கள். மருந்துக் கடைக்கு லிஃப்ட் வேண்டாம், படி. அம்மா கண் அசரும்போது நாற்காலியில் கை ஊன்றாமல் 10 தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். தொடைக்கு அது போதும். நாளை அம்மாவைத் தாங்கிப் பிடித்து நடக்க வைக்க அந்தத் தொடை வேண்டும்.

ஹெச்பிஏ1சி என்பது கடந்த 2, 3 மாதங்களின் சராசரி. வீடு திரும்பி ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். அதற்கு முன்பே தாகம் அதிகமானாலோ அடிக்கடி சிறுநீர் போனாலோ காத்திருக்க வேண்டாம், உடனே பாருங்கள். அம்மா வீட்டுக்கு வந்த மறுநாளே 3 சுற்று என்று கிளம்பிவிடாதீர்கள். முதல் வாரம் ஒரு சுற்று.