படம் வரைய மட்டும் கை வருதா?

கேள்வி: எனக்கு வயது 38. ஆறு வருடமாக ரூமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்னும் முடக்குவாதம். முன்பெல்லாம் பென்சிலில் முகங்களை நுணுக்கமாக வரைவேன். இப்போது விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பழைய நோட்டைத் திறந்தாலே அழுகை வருகிறது. போன மாதம் ஆசைப்பட்டு ஒருநாள் வரைந்தேன். "பாத்திரம் கழுவ முடியாது, படம் வரைய மட்டும் கை வருதா?" என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள். அன்றோடு மூடி வைத்துவிட்டேன். ஓவியம் நோயை ஆற்றும் என்கிறார்களே, உண்மையா? நான் வரைவது சுயநலமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

சுயநலம் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது வீட்டில் கேட்ட அந்தக் கேள்விதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். காலையில் மடங்காத விரல் மாலையில் மடங்கும். நேற்று முடிந்தது இன்று முடியாது. இந்த நோயின் இயல்பே அதுதான், ஆனால் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சாக்குப்போக்கு மாதிரி தெரிந்துவிடுகிறது. பாத்திரம் கழுவ இறுக்கிப் பிடிக்க வேண்டும், கனம் தூக்க வேண்டும், பாதியில் விடவும் முடியாது. பென்சிலை வலித்த நொடியே கீழே வைத்துவிடலாம். சண்டையில்லாத ஒரு பொழுதில் இதைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். நீங்கள் பத்துத் தடவை சொன்னதை மருத்துவர் ஒரு தடவை சொன்னால் காதில் ஏறும். இருக்கிற கொஞ்சத் தெம்பில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு அம்மா.

ஓவியம் மூட்டு வீக்கத்தை வற்ற வைக்காது. அது மருந்தின் வேலை. ஒரு வேளைகூட விடாதீர்கள். ஆனால் வலி பத்துக்கு எத்தனை என்று மருத்துவர் கேட்கும்போது "ஏழு" என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அந்த ஏழு எரிந்ததா, முறுக்கியதா, நள்ளிரவில் தனியாக விழித்திருந்தபோது எப்படி இருந்தது என்பதை எங்கே சொல்வது? அதற்குத்தான் தாளும் வண்ணமும். ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர் காசநோயோடு படுத்திருந்தபோது படுக்கையிலேயே வரைந்தார், பிறகு மற்ற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். 'ஆர்ட் தெரபி', அதாவது ஓவியவழிச் சிகிச்சை, என்ற பெயரை 1942-ல் வைத்தவர் அவர்தான்.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கும் உங்களுக்கு வந்த நோய்தான். விரல்கள் உள்ளுக்குள் மடிந்து, தோல் புண்ணாகாமல் இருக்கக் கையில் துணி சுற்றி, தூரிகையை மற்றவர்கள் எடுத்துக் கொடுக்க, 1919-ல் இறக்கும் வரை வரைந்தார். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-ல் நடந்த வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியில்தான் பெரும்பாலும் இருந்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியே பெரிய பெரிய படங்களை உருவாக்கினார். கைக்குத் தகுந்த கருவி என்பதை இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பென்சில் இனி வேண்டாம். பென்சிலில் துணியோ ஸ்பாஞ்சோ சுற்றித் தடிமனாக்குங்கள், இல்லையென்றால் ஸ்பாஞ்சையே வண்ணத்தில் தோய்த்து ஒற்றுங்கள். காலை விறைப்பு விட்ட பிறகு பத்து நிமிடம் போதும். நன்றாக வருகிறதே என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள்; இழுத்துப் பிடித்தால் மறுநாள் கை பழி வாங்கும்.

வரைய உட்காரும்போதெல்லாம் அழுகை மிஞ்சி, தூக்கமும் பசியும் கெட்டால், மனநல ஆலோசகரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக, அந்தப் பழைய நோட்டு. பால் க்ளே என்ற ஓவியருக்கு 1935-ல் ஸ்க்ளெரோடெர்மா என்ற தோல் இறுகும் நோய் தொடங்கியது. 1936 முழுவதிலும் சுமார் 25 படைப்புகள்தான். அதன் பிறகு அவருடைய நுண்ணிய கோடுகள் தடித்தன, உருவங்கள் எளிமையாயின. 1939-ல் மட்டும் 1,200-க்கு மேல் வரைந்தார். அந்தத் தடித்த கோடுகள் வேறொரு க்ளே. நோட்டைக் கிழிக்காதீர்கள், அலமாரியில் வையுங்கள். புது நோட்டின் முதல் பக்கத்தில் முகம் வேண்டாம். இன்றைக்கு உங்கள் மணிக்கட்டு எந்த நிறத்தில் வலிக்கிறதோ, அதை மட்டும் பூசுங்கள். யாரிடமும் காட்ட வேண்டியதில்லை.