சிகரெட் சுத்துற ரோலிங் பேப்பர்ல அப்படி என்ன ஸ்பெஷல்? யாரு கண்டுபிடிச்சது?

நான் பிரிண்டிங் லைன்ல இருக்கேன், எந்த பேப்பர தொட்டாலும் ஜிஎஸ்எம் எவ்ளோன்னுதான் மனசு கேக்கும், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தன கிராம் எடைன்னு. ஜெராக்ஸ் எடுக்குற ஏ4 ஷீட் 75, 80 இருக்கும். ரோலிங் பேப்பர் பெரும்பாலும் 12ல இருந்து 20க்குள்ள. அவ்ளோ மெல்லிசா இருந்தும் உருட்டும்போது கிழியக்கூடாது, எச்சி பட்டா பிஞ்சு போகக்கூடாது, மொத்த வித்தையும் இதுலதான் இருக்கு.

அதுக்குத்தான் மரக்கூழோட ஆளிச்செடி நார், ஹெம்ப் (கஞ்சா இனச் செடி) நார் எல்லாம் சேக்குறாங்க, நீளமான நார், தண்ணியில போட்டு நல்லா அடிச்சு இழை இழையா பிரிச்சா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். கூடவே கால்சியம் கார்பனேட், அதாங்க சுண்ணாம்புக்கல் பவுடர். வெள்ளையா தெரியுறதுக்கு மட்டும் இல்ல, காத்து எவ்ளோ உள்ள போகணும், எவ்ளோ வேகமா எரியணும்னு கட்டுப்படுத்துறதே அதுதான். ஃபேக்டரி சிகரெட் தாள்ல சிட்ரேட் உப்பும் போடுவாங்க, அதனால ஆஷ்ட்ரேல வெச்சாலும் அது பாட்டுக்கு எரிஞ்சிட்டே இருக்கும். கையில சுத்துனது பொதுவா இழுக்கலன்னா அணைஞ்சிடும். ஓரத்துல பளபளன்னு ஒரு கோடு இருக்கும் பாருங்க, அது வேலமர ஜாதி பிசின், நக்குனா ஒட்டிக்கும். (நம்ம பீடிக்கு இந்த தலைவலியே இல்ல, தெண்டு இலை, நூலு, முடிஞ்சுது.)

கண்டுபிடிச்சது இன்னார்னு ஒரு ஆள காட்ட முடியாதுங்க. கிரிமியா போர்ல ஒரு சிப்பாயோட களிமண் பைப் குண்டு பட்டு ஒடைஞ்சதாம், வெடிமருந்து சுத்தின தாள கிழிச்சு அதுல புகையில உருட்டுனானாம், ஜிக்-ஜாக்ங்கிற ரோலிங் பேப்பர் பிராண்டு அட்டையில தாடியோட இருக்காரே அவருக்கு சொல்ற கதை இது. போர் நடந்தது 1853ல இருந்து 56 வரைக்கும். ஆனா பிரான்ஸ்ல பெர்ப்பிஞான் ஊர்ல ழான் பார்டூ 1838லயே புக்லெட் போட்டு வித்துட்டாரு, ஸ்பெயின்ல ஆல்கோய் ஊரும் இதுல பழைய கை. ஜிக்-ஜாக் ஆரம்பிச்ச பிரான்ஸ்டைன் அண்ணன் தம்பி செஞ்சது வேற, ஒரு தாள உருவுனா அடுத்தது தானா தலைய நீட்டுற மாதிரி மடிச்சது.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது ஓசிபிங்கிற இன்னொரு ரோலிங் பேப்பர் பிராண்டோட கதை. அத போட்டது பிரான்ஸ்ல பிரிட்டானி பகுதியில 1822ல தொடங்குன பொல்லோரே குடும்பத்து பேப்பர் மில். மெல்லிசு தாள் கைவந்த கலையா போனதால பைபிள் தாள், கெப்பாசிட்டருக்குள்ள வைக்குற தாள்னு போய், அப்புறம் பிளாஸ்டிக் ஃபிலிம், அதுக்கப்புறம் பேட்டரின்னு வளந்து, 2011ல பாரீஸ்ல வாடகை எலக்ட்ரிக் காரே விட்டாங்க. ஓசிபியை அதுக்கு முன்னாடி 2000லயே வித்துட்டாங்க.