பேரழிவுக்குப் பின் உயிர் பிழைப்பதைப் பற்றிய நாவல்களில் உங்களை உலுக்கியது எது? ஏன்?

ஜார்ஜ் ஆர். ஸ்டூவர்ட் 1949-இல் எழுதிய 'எர்த் அபைட்ஸ்'. நான் சிவில் இன்ஜினியரிங் மாணவன். அதனால் இந்தப் பதிலில் தண்ணீர்க் குழாய் கொஞ்சம் அதிகமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இஷ் என்கிற புவியியல் ஆராய்ச்சி மாணவன் கலிபோர்னியா மலைப்பகுதியில் தனியாக இருக்கும்போது பாம்பு கடித்துவிடுகிறது. எப்படியோ பிழைத்துக் கீழே இறங்கி வந்தால், ஊரில் ஆளில்லை. ஒரு தொற்றுநோய் அநேகமாக எல்லோரையும் வாரிக்கொண்டு போயிருக்கிறது. காரில் நியூயார்க் வரை போய்ப் பார்த்துவிட்டு, பெர்க்லி மலைச்சரிவில் இருக்கும் தன் வீட்டுக்கே திரும்புகிறான். எம் என்ற பெண் துணையாகிறாள். வேறு சிலரும் வந்து சேர்கிறார்கள், பிள்ளைகள் பிறக்கிறார்கள், சிறு கூட்டம் உருவாகிறது.

துப்பாக்கியும் துரத்தலுமாக இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஆனால் இவர்களுக்கு வந்த ஆபத்து வசதிதான். கடைகளில் டின் உணவு குவிந்து கிடக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது, அதுவும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக! இது கதாசிரியரின் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அந்தப் பகுதிக்குத் தண்ணீர் சியெரா நெவாடா மலையடிவாரத்தில் 1929-இல் கட்டிமுடித்த பார்டி அணையிலிருந்து, ஏறத்தாழ 145 கிலோமீட்டர் குழாய்வழியே வருகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீருக்கு மின்சாரம் எதற்கு? எங்காவது துருப்பிடித்து உடையும் வரை அது பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். பேரழிவுக்குப் பிந்தைய 22-ஆம் ஆண்டில் ஒரு நாள் நின்றுபோகிறது. அது எங்கிருந்து வந்தது, வழியில் என்னென்ன இருந்தன என்று அந்தக் கூட்டத்தில் யாரும் அதுவரை போய்ப் பார்த்ததில்லை. இஷ் உட்பட! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. புவியியல் படித்தவன் ஒரு முறையாவது அந்தக் குழாயைப் பின்தொடர்ந்து நடந்திருக்க வேண்டாமா?

பல்கலைக்கழக நூலகமும் அப்படித்தான். அதை யாரும் கொளுத்தவில்லை, புத்தகங்கள் பத்திரமாகவே இருக்கின்றன. படிக்கத்தான் ஆளில்லை. இஷ் பள்ளிக்கூடம் நடத்திப் பார்க்கிறான், பிள்ளைகள் நெளிகிறார்கள். படிக்க ஆசைப்படுகிறவன் அவனுடைய சின்ன மகன் ஜோயி ஒருவன்தான். எல்லா நம்பிக்கையையும் அவன் தலையில் ஏற்றிவைக்கிறான் அப்பா. சார்லி என்ற வெளியாள் வந்து சேர்கிறான். அவனால் கூட்டத்துக்கு ஆபத்து என்று பெரியவர்கள் சீட்டில் எழுதி வாக்களித்து, அவனைக் கொன்றுவிடுகிறார்கள். ஆனால் அவன் கொண்டுவந்த டைபாய்டு அதற்குள் பரவிவிட்டது. ஜோயி இறந்துபோகிறான். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மறுநாள்தான் தொடர முடிந்தது. அந்த வாக்கெடுப்பு சரியா என்று விடுதியில் நண்பனோடு சண்டையே வந்தது. விசாரணை இல்லாமல், செய்யப்போகிற குற்றத்துக்காக ஒருவனைக் கொல்வது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. "சிறைச்சாலையும் போலீஸும் இல்லாத ஊரில் வேறென்ன செய்வாய்?" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதிலும் இல்லை.

கடைசியில் இஷ் பிள்ளைகளுக்கு வில் செய்யக் கற்றுக்கொடுக்கிறான், விளையாட்டுப் பொருளாக. அது மட்டும் நிலைத்துவிடுகிறது! பேரன்களின் பிள்ளைகள் பழைய நாணயங்களைத் தட்டி அம்பு முனை செய்கிறார்கள். எண்களும் எழுத்தும் போய்விட்டன, ஆனால் அவர்கள் சந்தோஷமாகவே இருக்கிறார்கள். ஆசிரியர் இதைச் சோகம் என்றும் சொல்வதில்லை, நல்லது என்றும் சொல்வதில்லை. நான்கு ஆண்டு இன்ஜினியரிங் படிப்புக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பவனுக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. எம்மை 'தாய்' என்ற பீடத்தில் ஏற்றிவைத்துவிட்டு அவள் மனதுக்குள் ஆசிரியர் போகவே இல்லை. மற்ற பெண்களுக்கு அந்தப் பீடம்கூடக் கிடைக்கவில்லை. நியூயார்க் பயணம் இழுவை. ஆனால் இடையிடையே சாய்வெழுத்தில் வரும் பத்திகளை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். மனிதர்கள் போனபின் நாய், ஆடு, கோதுமை, சாலை ஒவ்வொன்றுக்கும் என்ன ஆகும் என்று அவை பேசுகின்றன. கதையில் எலிகள் பெருகி, தின்ன எதுவும் மிஞ்சாமல் ஒன்றையொன்று தின்று சரியும் பகுதியைச் சாப்பிடும் நேரத்தில் படிக்காமல் இருப்பது நல்லது.