படிக்கட்டு முதலில், சிலிண்டர் பிறகு

நல்லூர்ப் பக்கம் அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் வாசகரின் கேள்வி இது. கீழே வாகனத் தரிப்பிடம், அதன்மேல் ஐந்து மாடி, மாடிக்கு நாலு வீடு. ஒரே படிக்கட்டு, ஒரு லிப்ட். கட்டிக் கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போன தீயணைப்புச் சிலிண்டர்கள் தூசி பிடித்துத் தொங்குகின்றன. குடியிருப்பாளர் சங்கத்தில் கொஞ்சக் காசு சேர்ந்திருக்கிறது. புதுச் சிலிண்டர் வாங்குவதா, அலாரம் பூட்டுவதா, எதை முதலில் செய்வது? நாலாம் மாடியில் படியிறங்க ஏலாத அம்மா ஒருவரும் இருக்கிறார், அவருக்கு என்ன வழி?

முதலில் படிக்கட்டைப் பாருங்கள். அதற்குக் காசு தேவையில்லை, ஒரு சனிக்கிழமை காலை போதும். வீட்டுத் தீயில் உயிர் போவது பெரும்பாலும் புகையால். சூடான புகை மேலே ஏறும். ஐந்து மாடிக்கும் திறந்து கிடக்கும் படிக்கட்டு அதற்குப் புகைக்கூண்டு மாதிரி. கீழே பற்றினால் மேல்மாடிக்காரர் கதவைத் திறக்கும்போது படியே தெரியாது. புகையோடு வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாலைந்து மூச்சிலேயே தலை சுற்றிக் கால் தளரலாம். இருபது வீட்டு ஆட்களுக்கும் வெளியேற இருப்பது அந்த ஒரு வழிதான்.

இப்போது உங்கள் படியடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கட்டடங்களில் மழைக்கு ஒதுக்கிய மோட்டார் சைக்கிள்கள், பழைய மெத்தை, பெயின்ற் வாளி, குளிர்ப்பெட்டி வந்த அட்டைப்பெட்டி, அதற்குப் பக்கத்துச் சுவரிலேயே மின்மானிப் பலகை. எரியும் பொருளையும் தீப்பொறி வரக்கூடிய இடத்தையும் ஒரே மூலையில் சேர்த்து, இருபது குடும்பத்தின் வாசலில் வைத்திருக்கிறோம். ஒரு மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி, ரயர், இருக்கைப் பஞ்சு மூன்றும் பற்றினாலே படிக்கட்டு முழுவதும் கரும்புகையால் நிரம்ப நிமிடக்கணக்குத்தான். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கானில் பெற்றோல் வாங்கி வைத்த பழக்கம் சில வீடுகளில் இன்னும் விட்டுப்போகவில்லை. மண்ணெண்ணெயை விடப் பெற்றோல் எத்தனையோ மடங்கு ஆபத்தானது. அதன் ஆவி காற்றை விடப் பாரமானது, தரையோடு ஊர்ந்து அடுத்த அறை அடுப்பு வரை போகும். வீட்டுக்குள் ஒரு லீற்றர் கூட வேண்டாம். மின்சார ஸ்கூட்டரின் பற்றரியையும் படியடியில் சார்ஜ் போட விடாதீர்கள். லித்தியம் பற்றரி உள்ளுக்குள் சூடேறத் தொடங்கினால் தீயணைப்புச் சிலிண்டரின் பவுடர் அதைக் குளிராக்காது. அணைந்தது போலத் தோன்றி மறுபடி பற்றும்.

அடுத்தது கதவு. லண்டன் கிரென்பெல் அடுக்குமாடிக் கோபுரத்தில் 2017 யூன் 14 அன்று நாலாம் மாடி வீடொன்றின் குளிர்ப்பெட்டியில் தொடங்கிய தீயில் 72 பேர் இறந்தார்கள். தீயை மேலே பரப்பிய வெளிச்சுவர்த் தகடுகளைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். விசாரணையில் வெளிவந்த இன்னொன்றும் நமக்கு முக்கியம்: பல வீட்டு வாசல் கதவுகளில் தானாகச் சாத்தும் கருவி இல்லாமலோ பழுதாகியோ இருந்தது. ஆட்கள் ஓடியபின் கதவு திறந்தே கிடந்து, புகை நடைபாதைக்கும் படிக்கும் போனது. நம் வீடுகளில் காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து விட்டு கிறில் கேற்றை மட்டும் பூட்டி வைப்பது வழக்கம். தீ வரும் நேரத்தில் அந்தக் கிறில் புகையைத் தடுக்காது, ஆளை மட்டும் தடுக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் தடித்த மரக்கதவும் அதைத் தானாகச் சாத்தும் டோர் குளோசரும் வேண்டும். உள்ளே வெற்றிடம் விட்ட மெல்லிய பிளைவூட் கதவு சில நிமிடங்களில் ஓட்டையாகிவிடும். பிள்ளையின் கை நசுங்கும் என்று குளோசரைக் கழற்றுவதை விட, சாத்தும் வேகத்தைக் குறைத்துக் கொள்ளலாம். பக்கத்தில் இருக்கும் சிறிய திருகாணி அதற்குத்தான்.

கிறில் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் இதுதான் பெரிய பொறி. கள்ளர் பயத்தில் யன்னல், பல்கனி, வாசல் எல்லாவற்றுக்கும் இரும்பு. இரவில் வாசல் கிறிலுக்கு ஆமைப்பூட்டு, திறப்பு யாரோ ஒருவரின் தலையணைக்குக் கீழே. புகை நிரம்பிய இருட்டில் அந்தத் திறப்பைத் தேடவும் ஏலாது, தடவிப் பூட்டைத் திறக்கவும் ஏலாது. உள்ளிருந்து கையால் திருப்பித் திறக்கும் பூட்டுக்கு மாற்றுங்கள். அது வரையில், வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளே வாசலிலிருந்து இரண்டடிக்குள் ஒரு கொளுக்கியில் திறப்பு தொங்க வேண்டும். ஒவ்வொரு இரவும் அதே கொளுக்கி. பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு யன்னல் அல்லது பல்கனிக் கிறிலிலாவது பிணைச்சல் வைத்த சிறு கதவு வெட்டுவியுங்கள். ஏணி வந்தாலும் கம்பிக்குப் பின்னால் நிற்பவரை இறக்க முடியாது. மொட்டை மாடிக் கதவுக்கும் ஆமைப்பூட்டு வேண்டாம், உள்பக்கம் திறாங்கு போதும். அந்தக் கதவைத் திறந்தால்தான் படிக்கட்டில் நிறைந்த புகைக்குப் போக்கிடம் கிடைக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் தீ எங்கே தொடங்கும் என்ற கேள்வி. மின்சாரத்தில் ஆட்கள் பயப்படுவது ஷோர்ட் ஆவதற்கு. உண்மையில் சத்தமில்லாமல் எரிப்பது தளர்ந்த இணைப்பு. பத்து அம்பியர் இழுக்கும் கேத்தல் ஒன்றின் பிளக் அடியில் அரை ஓம் தடை உருவானால், அந்தச் சின்ன இடத்தில் மட்டும் 50 வாற்று வெப்பம். பிளாஸ்ரிக் உருக அது தாராளம். கடற்காற்று உப்பில் பித்தளைக் காலும் திருகாணியும் பச்சை பிடிப்பதால் இங்கே இது விரைவாக வரும். பிளக்கைக் கழற்றியதும் கால் கையைச் சுட்டால், சொக்கெற் முகம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால், அதை அன்றே மாற்றுங்கள். பழைய உருண்டைக் கால் பிளக்கை அடப்டர் போட்டு 13 அம்பியர் சொக்கெற்றில் செருகுவதும் இதே வகைத் தவறு.

எக்ஸ்டென்ஷன் வயரில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 13 அம்பியர் என்றால் 230 வோல்ற்றில் மொத்தம் 3000 வாற்று மட்டில். கேத்தல் 2000, ரைஸ் குக்கர் 700, மைக்ரோவேவ் 1200 என்று ஒரே பலகையில் செருகினால் 3900. மலிவு வயர்களில் உள்ளே இருப்பது 0.75 சதுர மில்லிமீற்றர்ச் செம்பு. அது ஆறு அம்பியருக்கு மேல் தாங்காது. அதைச் சுருட்டி வைத்தபடி பாவித்தால் வெப்பம் வெளியேற இடமின்றி இன்னும் மோசம்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் பலர். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் மின்னோட்டம் பூமிக்குக் கசிந்தால் மட்டும் விழும். சுமை கூடினாலும் அது விழாது, தளர்ந்த சொக்கெற் சிவந்தாலும் விழாது. சுமைக்கு வேறாக பிறேக்கர்கள் இருக்கின்றன. மாரியில் சுவரில் ஈரம் ஏறி ட்ரிப் அடிக்கடி விழுகிறது என்று அதை விட்டு நேரே இணைத்துவிடும் வேலை இங்கே சாதாரணமாக நடக்கிறது. விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசியும் இடத்தைத் தேட வேண்டும். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

காஸ். 2021 கடைசி மாதங்களில் நாடு முழுக்க வெடிப்புச் செய்திகள் வந்தபோது எல்லோரும் சவர்க்கார நுரை போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பழக்கம் நிற்கக் கூடாது. சமையல் காஸ் காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரம், தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றும். ஒன்பது சதுர மீற்றர்க் குசினியின் தரையில் அரை மீற்றர் உயரத்துக்கு அப்படிச் சேர ஏறத்தாழ 200 கிராம் காஸ் போதும். உங்கள் சிலிண்டரில் இருப்பது 12.5 கிலோ. அதனால் சிலிண்டரைப் பூட்டிய அலுமாரிக்குள்ளோ தண்ணீர் போகும் வாய்க்கு அருகிலோ வைக்க வேண்டாம்; அலுமாரிதான் என்றால் அடியில் காற்றுத் துளை இருக்க வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ஹோஸ் ஒன்றரை மீற்றரை மிஞ்சாமலும் அடுப்புக்குப் பின்னால் சூட்டில் படாமலும், இரு முனையிலும் கிளிப் இறுக்கியும் இருக்கட்டும். மடித்துப் பார்க்க வெடிப்புத் தெரிந்தால் தவணை பார்க்காமல் மாற்றுங்கள். தெரியாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. மணம் வந்தால் ரெகுலேற்றரை மூடி, கதவு யன்னலைத் திறந்து, வெளியே போய்த்தான் போன் எடுக்க வேண்டும். மின்விசிறியையோ விளக்கையோ அணைக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். சுவிட்சின் பொறி போதும்.

தாச்சியில் எண்ணெய் பற்றினால் அடுப்பை நிறுத்தி மூடியால் மூடி, அரை மணித்தியாலம் திறக்காமல் விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது நீராவியாகி 1700 மடங்கு விரிந்து எரியும் எண்ணெயைக் கூரை வரை எறியும். சுவாமி அலுமாரியின் பலகைக்கு அடியில் விளக்கை எரியவிட்டு வெளியே போவதும், மெத்தைக் கரையில் நுளம்புத்திரி வைப்பதும் சொல்லத் தேவையில்லாத அளவு பழைய விஷயங்கள், ஆனாலும் நிற்கவில்லை.

இப்போது காசு செலவழிக்கும் இடம். அலாரம் முதலில், சிலிண்டர் அடுத்தது. ஒவ்வொரு வீட்டிலும் படுக்கையறைகளுக்கு வெளியே, கூரையின் நடுவில், ஒளியியல் வகைப் புகை உணரி (உள்ளே சிறு ஒளியை வைத்துப் புகையைக் கண்டறிவது) ஒன்று. குசினிக்கு வெப்ப உணரி; புகை உணரியை அங்கே வைத்தால் தாளிக்கும் ஒவ்வொரு முறையும் கத்தும், ஒரு கிழமையில் யாராவது பற்றரியைக் கழற்றிவிடுவார்கள். காற்றோட்டமான திறந்த நடைபாதையில் உணரி வைப்பது வீண் செலவு, புகை அதை அடையுமுன் காற்றோடு போய்விடும். அங்கே உடைத்து அழுத்தும் பொத்தானும் மணியும் மாடிக்கு ஒன்று பூட்டுங்கள். படுக்கையறைக் கதவைச் சாத்தி மின்விசிறியைப் போட்டுக்கொண்டு அந்த மணி கேட்கிறதா என்று ஒவ்வொரு வீட்டிலும் சோதிக்க வேண்டும்.

தீயணைப்புச் சிலிண்டர்: ஒவ்வொரு மாடிப் படியடியிலும் ஆறு கிலோ ஏபிசி பவுடர் (திண்மம், திரவம், காஸ் மூன்று வகைத் தீக்கும் ஆனது), கைப்பிடி தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில். மின்பலகை அறைக்கும் லிப்ட் இயந்திரத்துக்கும் இரண்டு கிலோ காபனீரொட்சைட்டு. இருக்கும் பழையவற்றை எறியுமுன் பாருங்கள்: அழுத்தமானியின் ஊசி பச்சையில் நிற்கிறதா, கைப்பிடிப் பூட்டுப் பின்னும் முத்திரையும் இருக்கிறதா, அடிப்பகுதி துருவேறியதா, குழல் வாயில் குளவி மண் பூசியிருக்கிறதா. ஊசி பச்சையில் நின்றாலும் உள்ளே பவுடர் கட்டியாகியிருக்கலாம், அதனால் ஆண்டுக்கொரு முறை திறந்து பராமரிப்பவர் வேண்டும். காபனீரொட்சைட்டுச் சிலிண்டருக்கு ஊசி கிடையாது, நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆறு கிலோ பவுடர் இருபது செக்கனுக்குள் தீர்ந்துவிடும். ஆகவே பின்னைக் கழற்றி, தீயின் அடியைக் குறிபார்த்து, வாசல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றுதான் அடிக்க வேண்டும். ஒரு சிலிண்டரால் அணையவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு இறங்குங்கள்.

ஹோஸ் ரீல் (சுருளில் சுற்றிய தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்) இருந்தால் ஐந்தாம் மாடியில் திறந்து பாருங்கள். மொட்டை மாடித் தாங்கியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்குப் பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு ‘பார்’ அளவு அழுத்தம்தான். கீழ்த்தளத்தில் நன்றாகப் பாயும், மேல்மாடியில் சொட்டும். ஆறு மீற்றராவது பாயாவிட்டால் பம்ப் தேவை, அதன் மின்சாரம் பிரதான சுவிட்சை நிறுத்தினாலும் நிற்காத தனி இணைப்பில் வர வேண்டும்.

சட்டப் பக்கம்: கட்டடத்தின் உயரம், தளப்பரப்பைப் பொறுத்து எவை கட்டாயம் என்பதை நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் தீப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 2021 ஆம் ஆண்டுத் திட்டமிடல் ஒழுங்குவிதிகளும் சொல்கின்றன. சங்கம் முதலில் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள் மூன்று: அனுமதிக்கப்பட்ட வரைபடம், தீயணைப்புப் பிரிவின் சிபாரிசு, இணக்கச் சான்றிதழ். வரைபடத்தில் இருந்து கட்டடத்தில் இல்லாதது எது என்று ஒப்பிட்டால், கட்டியவரிடம் எதைக் கேட்கலாம் என்பது தெளிவாகும். படிக்கட்டு பொதுப் பகுதி. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் கீழ் அதைப் பராமரிப்பது முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் (வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த சட்ட அமைப்பு) பொறுப்பு. ஒரு வீட்டுக்காரர் தன் அலுமாரியை வைக்க அதில் உரிமை இல்லை.

மாநகர சபைத் தீயணைப்பு வண்டி உங்கள் ஒழுங்கைக்குள் வருமா என்றும் பாருங்கள். வண்டியின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீற்றர். திரும்பவும் வேலை செய்யவும் நாலு மீற்றர் வேண்டும். மதிலோரம் நிற்கும் கார் ஒன்றே அதை மறித்துவிடும். வளவுக் கிணற்றடிக்கு வண்டி நெருங்கினால், நீர்மட்டம் ஏழு மீற்றருக்குள் இருக்கும்வரை அதிலிருந்தே உறிஞ்சலாம். வாசலில் 110 உடன் மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவின் நேர் இலக்கத்தையும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

நாலாம் மாடி அம்மாவுக்கு லிப்டை நம்ப வேண்டாம்; மின்சாரம் நின்றால் அது இடையில் நின்றுவிடும், சுரங்கம் போன்ற அதன் கூண்டும் புகையால் நிரம்பும். தீ அவர் வீட்டில் என்றால் இரண்டு பேர் கதிரையோடு அல்லது தடித்த போர்வையில் படுக்கவைத்து இறக்க வேண்டும், அதை இப்போதே ஒருமுறை செய்து பாருங்கள். தீ வேறு வீட்டில், படியில் புகை என்றால் அவரை இறக்காதீர்கள். தெருப்பக்கம் யன்னல் உள்ள அறைக்குக் கொண்டுபோய், இடையிலுள்ள எல்லாக் கதவையும் சாத்தி, கதவின் அடியில் நனைத்த துவாயை அடைத்து, யன்னலைத் திறந்து வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். அவருடைய மாடி, வீட்டு இலக்கம், எந்த அறை என்பதை எழுதி வாசல் காவலரிடம் ஒரு தாள் இருக்கட்டும். தீயணைப்பு வீரர் வந்து இறங்கியதும் அவர் கையில் முதலில் போக வேண்டியது அந்தத் தாள்.