கம்பெனி காலத்துச் சென்னைக் கோர்ட்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் இங்கே நியாயம் விசாரிக்கவே ஆளில்லையா?

பதில்: ஏன் இல்லை? ஊர்ச்சபை, சாதிப் பஞ்சாயத்து எல்லாம் இருந்தனவே. கிழக்கிந்தியக் கம்பெனியும் முதலில் அந்த வழியில்தான் போனது. மதராசபட்டினத்துச் சாவடியில் ஊர் அதிகாரி உட்கார்ந்து சில்லறை வழக்குகளைத் தீர்த்து வைத்தார். அப்புறம்தான் அந்த இடத்தைக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கேள்வி: மேயருக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: 1688இல் மாநகராட்சி தொடங்கியபோது மேயரும் ஆல்டர்மேன்கள் என்ற மூத்த மாநகராட்சி உறுப்பினர்களும்தான் நீதிபதிகள். அதுதான் மேயர் கோர்ட். சட்டம் படித்தவர்கள் இல்லை. 12 ஆல்டர்மேன்களில் இந்துக்களுக்கும் இடம் இருந்தது. 1726இல் மன்னர் கொடுத்த சாசனத்தில் மேயர் கோர்ட் கம்பெனி கோர்ட்டாக இல்லாமல் மன்னரின் கோர்ட்டாக மாறியது. ஆல்டர்மேன்களும் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள் ஆனார்கள். அதோடு கவர்னருடன் சண்டையும் ஆரம்பம். கோவிலில் வைத்துச் சத்தியம் செய்ய மறுத்த இரண்டு இந்து வியாபாரிகளை இந்தக் கோர்ட் சிறையில் தள்ள, கவர்னர் தலையிட்டு வெளியே விட்டார். கருணை என்று நினைக்க வேண்டாம். ஊர் வியாபாரிகள் முறுக்கிக்கொண்டால் கம்பெனி வியாபாரம் படுத்துவிடும். கடைசியில் 1753 சாசனம், இரு தரப்பும் சம்மதித்தால் ஒழிய இந்தியர்களுக்குள் நடக்கும் வழக்கை மேயர் கோர்ட் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டது.

கேள்வி: சுப்ரீம் கோர்ட், சதர் அதாலத் இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை, குழப்பமே இங்கேதான். 1801இல் வந்த சுப்ரீம் கோர்ட் மன்னருடையது. தலைமை நீதிபதி தாமஸ் ஸ்ட்ரேஞ்ச், வாதாடியவர்கள் இங்கிலாந்தில் சட்டம் படித்த பாரிஸ்டர்கள், அதிகாரம் முக்கியமாகச் சென்னை நகருக்குள். சதர் அதாலத் கம்பெனியுடையது. ஜில்லா கோர்ட்டுகளின் அப்பீல் அங்கே போகும், வக்கீல்கள் வாதாடுவார்கள், இந்து சட்டம் என்றால் பண்டிதரைக் கேட்பார்கள். ஆக, சென்னையில் வீட்டுத் தகராறு என்றால் ஒரு வாசல், தஞ்சாவூரில் நிலத் தகராறு என்றால் வேறு வாசல். 1862இல் இரண்டையும் சேர்த்து ஹைகோர்ட் ஆக்கினார்கள். அங்கே இன்றும் வழக்கை நேரடியாக விசாரிக்க ஒரிஜினல் சைடு, அப்பீலை விசாரிக்க அப்பீல் சைடு என்று தனித்தனியாக இருப்பது இந்த மிச்சம்தான்.

கேள்வி: நம்மவர்கள் நீதிபதியானது எப்போது?

பதில்: கீழ்மட்டத்தில் முன்சீப்பாக முன்பே இருந்தார்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை அப்படி ஒருவர். 1805 முதல் 1861 வரையிலான சதர் அதாலத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து வெளியிட்டார். வழக்காடுபவருக்கே தீர்ப்பு புரியாத காலத்தில் அது பெரிய காரியம். ஹைகோர்ட்டில் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர், 1870களில்.

கேள்வி: இன்று ஹைகோர்ட் இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்திலா அவர் வழக்கு விசாரித்தார்?

பதில்: அது 1892இல்தான் திறந்தது. முத்துசாமி ஐயருக்கு அங்கே கிடைத்தது கடைசிச் சில வருடங்கள் மட்டுமே.