சுவரில் மாட்டிய சான்றிதழுக்கு அரசு பொறுப்பா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஃபைனான்ஸில், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்று சொன்னதால் எங்கள் தெருவில் பலர் பணம் கட்டினோம். இப்போது பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அரசு முத்திரை போட்ட சான்றிதழை சுவரில் மாட்டியிருந்தார்களே, அப்படியென்றால் அரசுதானே பணத்தைத் தர வேண்டும்? எங்களைச் சேர்த்துவிட்ட அக்காவை நினைத்தால் புகார் கொடுக்கவும் மனசு வரவில்லை.
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அரசு தராது அம்மா. அந்த நம்பிக்கையில் நாளைக் கடத்தாதீர்கள்.

அந்தச் சுவரில் என்ன இருந்திருக்கும்? கம்பெனிப் பதிவு, ஜிஎஸ்டி எண், மாநகராட்சி லைசென்ஸ். முதலாவது, இப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்கு. அடுத்தது வரி கட்ட, மற்றது கடை திறக்க. மக்களிடம் டெபாசிட் வாங்கலாம் என்று இவற்றில் எதுவும் சொல்லாது. நிதி நிறுவனம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி உள்ள நிறுவனமே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. டெபாசிட் போட்டால் தங்கக்காசு, பரிசு என்று ஆசை காட்டவும் கூடாது. மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36. கணக்கு அங்கேயே உதைக்கிறது.

அரசு பின்னால் நிற்கும் இடங்கள் வேறு. தபால் ஆபீஸ் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு. வங்கி மூழ்கினால், அசலும் வட்டியும் சேர்த்து ஓர் ஆளுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீட்டுக் கழகம் கொடுக்கும். 2020 வரை அது 1 லட்சமாகத்தான் இருந்தது. ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் இந்தக் காப்பீடு கிடையாது.

அதற்காக அரசை நான் விட்டுவிட மாட்டேன். முறைப்படுத்தப்படாத, அதாவது அனுமதி இல்லாத, டெபாசிட் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 2019-லேயே வந்துவிட்டது. பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்படி ஒரு திட்டத்தில் சேருங்கள் என்று அழைப்பதே குற்றம், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. ஆட்டோவில் மைக் கட்டி, பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுத்துத்தான் இவர்கள் ஆள் பிடிக்கிறார்கள். வழக்குப் போட அந்த நோட்டீஸ் ஒன்று போதும். அன்றைக்கு ஒரு அதிகாரி உள்ளே போய், "ரிசர்வ் வங்கி அனுமதி எங்கே?" என்று கேட்டிருந்தால் உங்கள் தெரு தப்பியிருக்கும். ஷட்டர் இறங்கி, ஜனம் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் திரண்ட பிறகு வழக்குப் பதிவதை மேற்பார்வை என்று எப்படிச் சொல்வது? ஏலச் சீட்டு நடத்தக்கூடப் பதிவுத்துறையிடம் முன் அனுமதி வாங்கி, சீட்டுத் தொகைக்கு ஈடும் காட்ட வேண்டும் என்கிறது 1982 சட்டம். தெருத்தெருவாக அட்டை போட்டுச் சீட்டுப் பிடிப்பவர்களிடம் யார் போய்க் கேட்கிறார்கள்? நோட்டீஸ் வந்த வாரமே விசாரிக்க மாவட்டத்துக்கு ஓர் அதிகாரியை நிறுத்தட்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். ரசீது, பாண்டு எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "செட்டில் பண்ணித் தருகிறோம்" என்று வரும் யாரிடமும் அசல் ரசீதையும் பாண்டையும் கொடுக்காதீர்கள். முதலீட்டாளர்களைக் காக்கும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி முதலாளியின் சொத்தை முடக்கி, தனி நீதிமன்றம் வழியாக ஏலம் விட்டுப் பகிர்ந்து கொடுக்க முடியும். வருடக்கணக்கில் இழுக்கும், முழுத் தொகையும் வராமல் போகலாம். ஆனால் புகார் கொடுத்தால்தான் உங்கள் தொகை கணக்கில் ஏறும். கன்னியக்கோயில் தாண்டிப் புதுச்சேரியில் அவர்களுக்குக் கிளை இருந்தால் அதையும் எழுதுங்கள். அங்கேயும் இதே போன்ற 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

அந்த அக்காவும் பணம் போட்டிருப்பார். புகாரைக் கம்பெனி மீது கொடுங்கள். அவர் கமிஷன் வாங்கியிருந்தால் மறைக்காமல் சொல்லட்டும். அவரையும் கூட அழைத்துப் போங்கள். வசூலான பணத்தை யார் கையில் கொடுத்தார், எந்தக் கணக்குக்கு அனுப்பினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.