‘அழகாக’, ‘கவர்ச்சியாக’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்னென்ன வினையடைகள் இருக்கின்றன? எதை எங்கே போடுவது?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை. நீங்கள் ஏதோ விளம்பரம் எழுத உட்கார்ந்திருப்பீர்கள், ‘பியூட்டிஃபுல்’ நாலு தடவை வந்துவிட்டிருக்கும், வேறு சொல் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித் தேடினவள்தான்.

கொடைக்கானல் பக்கத்தில் வில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். ஆரம்பித்த வருடம் முன்பதிவுத் தளத்தில் போட நானே ஆங்கிலத்தில் எழுதினேன்: ‘தி வேலி லுக்ஸ் பியூட்டிஃபுல்லி ஃப்ரம் அவர் பால்கனி’. கடைசியில் ‘லி’ சேர்த்தால்தான் ‘அழகாக’ என்று வரும் என்பது என் கணக்கு. வந்து தங்கிய ஒருவர் அறையைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, ஆனால் அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு, முதலில் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதி இரண்டு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அவர்களுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தவள் நான். ரொம்ப வலித்தது.

எங்களிடம் பூண்டு வாங்க வரும் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சர் ஒருவரிடம் காட்டினேன். “தமிழ்ல என்ன நினைச்சு எழுதினேம்மா?” என்று கேட்டார். ‘பள்ளத்தாக்கு அழகாக இருக்கிறது’ என்றேன். “அங்கதான் இருக்கு விஷயம்” என்றார். தமிழில் ‘அழகாகப் பாடினாள்’ என்பதற்கும் ‘ஆக’தான், ‘அழகாக இருக்கிறாள்’ என்பதற்கும் ‘ஆக’தான். ஆங்கிலத்தில் முதலாவதுக்கு ‘பியூட்டிஃபுல்லி’, இரண்டாவதுக்கு வெறும் ‘பியூட்டிஃபுல்’. லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட் எல்லாம் இப்படி ‘இருக்கிறது’ என்ற பொருளில் வந்தால் ‘லி’ கிடையாது. நான் அறிவில்லாமல் எழுதவில்லை, தமிழின் வழியை ஆங்கிலத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நானாக ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். ‘அழகாக’வை ‘அழகான’ என்று மாற்றி, அப்படி இருக்கிற பொருளுக்கோ அந்த வேலையைச் செய்தவருக்கோ முன்னால் போட்டுப் பாருங்கள். ‘அழகான பள்ளத்தாக்கு’, சொல்ல வந்தது மாறவில்லை, அப்படியென்றால் ‘லி’ வேண்டாம். ‘அழகாகத் தைத்த திரை’யை ‘அழகான தையல்காரர்’ என்றால் விஷயமே வேறாகிவிடுகிறது, அங்கே ‘பியூட்டிஃபுல்லி ஸ்டிச்டு’ சரி. (இலக்கணம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ‘லுக்’ என்பது ஒருவர் கண்ணால் பார்ப்பதைச் சொன்னால் ‘லவிங்லி’ (அன்பாக) மாதிரி ‘லி’ வரும் என்று எனக்கும் தெரியும்.)

சரி, நீங்கள் கேட்ட சொற்களுக்கு வருகிறேன். சார்மிங்லி, டிலைட்ஃபுல்லி, அட்ராக்டிவ்லி, எலிகன்ட்லி, எக்ஸ்க்விசிட்லி எல்லாம் தாராளமாகப் போடலாம், ஒரே பத்தியில் இரண்டுக்கு மேல் வேண்டாம். கவனமாக இருக்க வேண்டியவை வேறே. ‘லவ்லி’ முடிவில் ‘லி’ இருந்தாலும் அது ‘அழகான’ மாதிரி பெயரடை. அதற்கும் ஒரு ‘லி’ சேர்த்து ‘லவ்லிலி’ என்று அகராதியில் இருக்கிறது, ஆனால் பேச்சில் அநேகமாக யாரும் சொல்வதில்லை. ‘ஹேண்ட்சம்லி’ என்றால் பெரும்பாலும் தாராளமாக என்று அர்த்தம், கூலி நிறையக் கொடுத்ததைச் சொல்ல வரும். ‘ப்ரெட்டி’ இன்னொரு பெயரடைக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் அழகு என்ற அர்த்தமே இல்லை, ‘ப்ரெட்டி கோல்ட்’ என்றால் நல்ல குளிர். அழகைச் சொல்ல ‘ப்ரெட்டிலி’. ‘ஃபேர்லி’யும் ஒரு காலத்தில் அழகாக என்றுதான் இருந்ததாம், இப்போது ஓரளவு என்று தேய்ந்துவிட்டது. ‘ஹோம்லி’ வினையடை இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வீட்டுச் சாப்பாடு மாதிரி என்று நினைத்துப் போடுகிறோம், அமெரிக்கர்களுக்கு அது பார்க்க லட்சணமாக இல்லாதது. நானும் ‘ஹோம்லி ரூம்ஸ்’ என்று போட்டிருந்தேன், உடனே எடுத்துவிட்டேன்.

இன்னொன்று. ‘என்சான்டிங்லி’ (மயக்கும்படி) பூக்கும் குறிஞ்சி மலைக்கு வாருங்கள் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அதை நம்பி ஒரு குடும்பம் குழந்தைகளோடு வந்து பூ எங்கே என்று கேட்டது. குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒரு தடவை பூப்பது, 2018ல் பூத்தது, அடுத்தது 2030தான். அந்தப் பெண் குழந்தையின் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை. இப்போது அந்த வருடங்களையே எழுதியிருக்கிறேன்.

பூண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டுக்காரர் பாத்தி கட்டி, களை பறித்து, அறுத்த பூண்டைக் கட்டிப் புகை மூட்டத்தில் தொங்கவிட்டுக் காய வைக்கிறார். கீழே சில கடைகளில் வெளியூர்ப் பூண்டைக் கொட்டி வைத்து மலைப்பூண்டு என்று விற்கிறார்கள், அதற்கு மேலே ‘பியூட்டிஃபுல்லி ஆர்கானிக்’ என்று பலகை வேறு. வாங்கிப் போகிறவர்கள் மணமே இல்லை என்று எங்களையும் சேர்த்துத்தானே பேசுவார்கள்? என் ஒரு ‘லி’க்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதை வேறு எங்கே போய்ச் சொல்வது.

எங்கள் விளம்பரத்தில் இப்போது இருப்பது: பால்கனியில் இருந்து பள்ளத்தாக்கு தெரியும், மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மேகம் மூடிவிடும், காலையில் பார்த்துக்கொள்ளுங்கள். ‘பியூட்டிஃபுல்லி’ ஒரே இடத்தில்தான் இருக்கிறது, என் மாமியார் தைத்துக் கொடுத்த ஒட்டுப்போர்வைக்கு முன்னால். நீங்கள் எழுதிய வரி இருந்தால் கீழே போடுங்கள், ராத்திரி விருந்தினர் சாப்பிட்டு முடித்ததும் பார்த்துச் சொல்கிறேன்.